உதட்டோரம்

ஆனிக் காற்று வாசலில் புழுதி கிளப்பிக்கொண்டிருக்கிறது. பென்னாகரம் பக்கம் ஓர் அரசு மருத்துவமனை. அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரைக்காக அட்டையைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் பொது மருத்துவர், மற்றதில் பல் மருத்துவர். இரண்டு கதவும் திறந்தே கிடக்கின்றன. உள்ளே பேசுவது பெஞ்சு முழுக்கக் கேட்கும்.

எதிரே ஒரு பாட்டியும் பேத்தியும். பேத்திக்குப் பதின்மூன்று வயதிருக்கலாம்; பள்ளிச் சீருடையோடு வந்திருக்கிறாள். வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, வெடிப்பின்மேல் மஞ்சளாகப் பொருக்கு. நாக்கு அடிக்கடி வெளியே வந்து அந்த இடத்தை நனைத்துவிட்டுப் போகிறது. ஈரம் பட்டதும் இதமாக இருக்கும்போல. காய்ந்ததும் முன்னைவிட இழுத்துப் பிடிக்கும், மறுபடி நாக்கு வரும். கொட்டாவி வந்தபோது கண்ணை இறுக்கிக்கொண்டு பாதி வாயைத்தான் திறந்தாள்.

“சூடு. வெண்ணெய் வச்சேன், தேங்காயெண்ணெய் வச்சேன், கேக்கல” என்கிறார் பாட்டி, பக்கத்தில் இருப்பவரிடம்.

எங்கள் பக்கத்தில் வாயில் எது வந்தாலும் சூடுதான் காரணம். அந்த ஒரு காரணத்தை நம்பி மாதக்கணக்கில் மணத்தக்காளிக் கீரையோடு காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கீரை நல்லதுதான். காத்திருப்பதுதான் கெடுதல்.

உள்ளே அழைத்தார்கள். மருத்துவர் உதட்டைப் பார்க்குமுன் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் சாப்பாட்டு விசாரணை. காலையில் டீயும் பன்னும். மதியம் பள்ளிச் சத்துணவு.

“முட்டை?”

“பிடிக்காது சார். பக்கத்துல இருக்கறவளுக்குக் குடுத்துடுவேன்.”

“ராத்திரிக்கு?”

பாட்டி முந்திக்கொண்டார்: “சோறும் ரசமும்தாங்க. களி கிண்டுனா இவ தொடவே மாட்டா.”

குன்னூரில் இருந்த சத்துணவு ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டும் கிருஷ்ணனும் 1936-லேயே இந்த வாய்ப்புண்ணை பி2 சத்துக் குறைவோடு சேர்த்து எழுதிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற இருவர், ரைபோஃபிளேவின் என்ற அந்த பி2 சத்துக் குறைந்த உணவைத் தின்றவர்களுக்குக் கடைவாய் வெடிப்பதையும், அந்தச் சத்தைக் கொடுத்ததும் ஆறுவதையும் காட்டினார்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் இதே வெடிப்புதான் வரும். பால், தயிர், முட்டை, கீரை, பயறு என்று எல்லாம் நம் ஊரில் கிடைப்பவை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பெண் குழந்தை இந்தப் பெஞ்சில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

இரும்பு மாத்திரையும் பி காம்ப்ளெக்ஸும் எழுதினார் மருத்துவர். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது, உதட்டை நக்கக் கூடாது, முட்டையை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் கொஞ்சம் தாமதித்து ஆட்டினாள்.

எழுந்தவர்களை மருத்துவர் நிறுத்தினார். “பாட்டி, உங்க வாயைக் காட்டுங்க.”

“எனக்கு ஒண்ணுமில்லப்பா.”

இருந்தது. சேலைத் தலைப்பால் நொடிக்கொரு தரம் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்ததை நானும் கவனித்திருந்தேன். பல் எல்லாம் போய் வாய் உள்ளே ஒடுங்கியதில் இரண்டு ஓரத்திலும் மடிப்பு விழுந்துவிட்டது. அந்த மடிப்பில் எச்சில் தேங்கி, தோல் வெள்ளையாக ஊறி, நடுவில் சிவந்த பிளவு. பேத்திக்கு இருப்பது போலத்தான் தெரிகிறது. ஆனால் ஈரத்தில் வளரும் பூஞ்சைத் தொற்று இது. இதற்குத் தடவும் களிம்பு வேறு. சர்க்கரை இருந்தால் இந்தத் தொற்று விடாது என்று ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். பேத்தியின் புண்ணைக் காட்ட பஸ் ஏறி வந்த பாட்டி, தன் புண்ணைக் காட்டாமலே திரும்பிப் போக இருந்தார். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் இப்படி!

இதற்கிடையில் மாம்பால் பட்டு உதடு வீங்கிய ஒரு பையன் அழுதுகொண்டே போனான். காம்பைக் கடித்துத் துப்பியிருக்கிறான். சீசனில் இது வாடிக்கை. காம்பை வெட்டி, கொஞ்ச நேரம் தலைகீழாக வைத்துப் பாலை வடியவிட்டுக் கழுவித் தின்றால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு கைக்குழந்தைக்காரி. காய்ச்சல் விட்டு இரண்டாம் நாளாம். மேலுதட்டு விளிம்பில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக. மடியில் இருந்த பிள்ளையின் கன்னத்துக்கு அவள் குனிந்தபோது செவிலியர் அங்கிருந்தே சத்தம் போட்டார்: “அம்மா, அது ஆறுற வரைக்கும் முத்தம் வேணாம்!” நல்ல சத்தம். ஹெர்பிஸ் கிருமி அது. பெரியவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் பொருக்கு விழுந்து ஆறிவிடும். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்குத் தொற்றினால் மூளை வரை போகலாம். தம்ளர், துண்டு, முத்தம் மூன்றையும் தள்ளி வைக்க வேண்டும். கொப்புளத்தைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை, மார்பில் கொப்புளம் இல்லாதவரை.

பல் மருத்துவர் அறையில் இப்போது ஒரு கொத்தனார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இந்த மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஆயிரமாயிரம் பேரில் ஒருவர். ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டுப் போக வந்தவர். மருத்துவர் பஞ்சுத் துணியால் கீழுதட்டைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் மடக்கினார். உள்ளே, ஈறும் உதடும் சேரும் பள்ளத்தில், கட்டைவிரல் நக அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. தோல் தடித்துச் சுருங்கியிருக்கிறது. துணியால் தேய்த்தும் போகவில்லை. சுண்ணாம்போடு கசக்கிய புகையிலையைப் பல வருடமாக அடக்கி வைத்த இடம் அது.

“எத்தனை நாளா இருக்கு?”

“வலி இல்லீங்க. அதனால பாக்கல.”

வலி இல்லாததுதான் ஆபத்து. இப்படிப்பட்ட திட்டு எல்லாமே புற்றாகிவிடாது. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். உதட்டில் வரும் புற்றை ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். முற்றவிட்டுக் கழுத்தில் நெறி கட்டிய பிறகு வந்தால் கதையே வேறு. உதட்டிலோ வாய்க்குள்ளோ எந்தப் புண்ணும், திட்டும், கட்டியும் இரண்டு வாரம் தாண்டினால் காட்டிவிட வேண்டும். வெயிலில் நாள் முழுக்க நிற்பவர்களும் பீடி பிடிப்பவர்களும் கீழுதட்டை மாதம் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தரேன். இந்த வாரமே போங்க. போயிலையை இன்னிக்கே நிறுத்துங்க.” நிறுத்த முடியாதவர்கள் கூப்பிட 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் அந்தச் சீட்டின் ஓரத்திலேயே எழுதினார்.

“திங்கக்கிழமை சென்ட்ரிங் வேலை இருக்குதுங்க டாக்டரம்மா. மேஸ்திரி காத்துக்கிட்டு இருப்பாரு. அடுத்த மாசம்…”

அதுவரை சுவரோரம் நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்து சீட்டை வாங்கிக்கொண்டார். அதை மடித்துப் பர்ஸில் வைத்தார். கணவரின் சட்டைப் பையில் இருந்த பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டார், அவர் தடுக்கவில்லை. வெளியே வந்ததும் பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்: “காலேஜ் ஆஸ்பத்திரியில ஓபி எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?”

“காலையிலேயே போயிடுங்க, அப்பத்தான் சீட்டு சீக்கிரம் கிடைக்கும்” என்றார் பாட்டி. “ஆதார் கார்டும் காப்பீட்டு அட்டையும் மறக்காம எடுத்துக்கம்மா.”