ஓட்டுநர் இருக்கை

என் அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டினார். அவர் 1978இல் வேலைக்குச் சேர்ந்தபோது பேருந்துகளில் குளிர்சாதன வசதி கிடையாது. மதிய வெயிலில் இயந்திரத்தின் சூடு காலில் ஏறும். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய சட்டையின் முதுகுப்பக்கம் உப்புப் பூத்திருக்கும். அதைத் துவைக்கும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்த்து, “நீ படித்துக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்,” என்பார்.

நானும் அப்படியே செய்தேன். பல்கலைக்கழகத்தில் கணினியியல் படித்து, நிதித்துறை நிறுவனம் ஒன்றில் நிரலாளராகச் சேர்ந்தேன். அறை நன்றாகவே குளிர்ந்தது. பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஓட்டப் போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மாவின் கண்கள் கலங்கின. அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தார்.

நிரல் எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உயர்நிலை இரண்டில் படித்தபோதே, மனத்தில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் சிறிய விளையாட்டு ஒன்றை எழுதி நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டவன் நான். வேலையிலும் பல ஆண்டுகள் அந்த ஆர்வம் குறையவில்லை.

கைப்பேசியில் பணம் அனுப்பும் செயலிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விரல் பட்டதும் பணம் போய்விடுகிறது. அந்த ஒரு நொடிக்குப் பின்னால் இருப்பதுதான் எங்கள் வேலை. ஒரு கணக்கில் 100 வெள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து 80 வெள்ளி கேட்கப்படுகிறது. முதல் கோரிக்கை கணக்கைப் பார்க்கிறது. 100 வெள்ளி இருக்கிறது. அது பணத்தைக் கழிப்பதற்குள் இரண்டாவது கோரிக்கையும் பார்க்கிறது. அப்போதும் 100 வெள்ளிதான். இரண்டும் பணத்தைக் கொடுத்துவிட்டால், 100 வெள்ளியிலிருந்து 160 வெள்ளி போய்விடும்! ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்கும்படி அங்கே ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டுகளை முறைமாற்றிப் போட்டாலோ, இரண்டு கோரிக்கைகளும் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்து அப்படியே நின்றுவிடும். இத்தகைய பிழைகள் சோதனையின்போது பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நாளில்தான் வெளியே வரும்.

வந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். இரவு நேர அழைப்புகளைக் கவனிக்கும் பொறுப்பு முதலில் ஐந்து வாரங்களுக்கு ஒரு முறை எனக்கு வந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களின் இடங்கள் நிரப்பப்படவில்லை. கடைசியில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றானது. விடியற்காலை இரண்டு மணிக்குக் கைப்பேசி ஒலிக்கும். நான்கு மணிக்குப் பிழையைக் கண்டுபிடிப்பேன். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் அடுத்த பிழை காத்திருக்கும். நாளடைவில், ஒலிக்காத கைப்பேசியும் என் காதில் ஒலிக்கத் தொடங்கியது. இதில் என் தவறும் இல்லாமல் இல்லை. “முடியாது” என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. சொன்னால் திறமையற்றவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

ஒருநாள் காலை, நானே எழுதிய இருபது வரிகளைத் திரையில் திறந்து படித்தேன். ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. பொருள் மட்டும் விளங்கவில்லை. மீண்டும் படித்தேன். சக ஊழியர் மதிய உணவுக்கு அழைத்தபோதும் அதே இருபது வரிகளில்தான் இருந்தேன். அன்று மாலை, எட்டு வயது மகள் கணக்கில் ஒரு சந்தேகம் கேட்டாள். “என்னிடம் எதையும் கேட்காதே!” என்று கத்திவிட்டேன். அவள் பயிற்சிப் புத்தகத்தை மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அதன்பின் பல வாரங்கள் அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை.

மனைவியின் வற்புறுத்தலால் மருத்துவரைப் பார்த்தேன். அவர் ‘பணிச்சோர்வு’ என்றார். நீண்ட காலம் வேலை அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் போவதால் ஏற்படும் நிலை இது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியிருக்கிறது. அதை அந்நிறுவனம் ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. சக்தி வற்றிப்போவது, வேலையின்மீது வெறுப்போ விலகலோ தோன்றுவது, செயல்திறன் குறைவது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். மூன்றும் என்னிடம் இருந்தன. இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன். வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே பழைய நிலை வந்துவிட்டது.

அந்த விடுப்பின்போது தூக்கம் வராமல், காலையில் முதல் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்வருவேன். ஒருநாள், பேருந்து முனையத்தில் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார். யாராவது எதையாவது விட்டுச்சென்றார்களா என்று இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே பின்பக்கம்வரை நடந்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அந்தப் பயணம் முடிந்துவிட்டது. ஏறியவர்கள் எல்லாரும் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு அவர்மீது பொறாமையாக இருந்தது. என் வேலையில் எதுவுமே முடிந்ததில்லை. யாருக்காகச் செய்கிறேனோ அவர்களின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

“கோபத்தில் முடிவெடுக்கிறீர்களா, யோசித்து எடுக்கிறீர்களா?” என்று மனைவி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. வருமானம் பாதியாகக் குறையும். இருவரும் உட்கார்ந்து வீட்டுக் கடன், மளிகை, மகளின் துணைப்பாட வகுப்பு என்று கணக்குப் போட்டோம். காரை விற்றோம். என்னோடு சோர்ந்துபோன நண்பர் ஒருவர் வேறு நிறுவனத்துக்கு மாறி, இன்றும் மகிழ்ச்சியாக நிரல் எழுதுகிறார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பா ஒரு வாரம் கழித்துத்தான் வாய்திறந்தார். “நான் ஓட்டியதே நீ ஓட்டக் கூடாது என்பதற்காகத்தான்,” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கார் ஓட்டத் தெரிந்தவனுக்குப் பேருந்து எளிது என்றுதான் எண்ணியிருந்தேன். பேருந்தில் ஓட்டுநரின் இருக்கை முன்சக்கரங்களுக்கும் முன்னால் இருக்கிறது. அதனால் சந்திப்பில் திரும்ப வேண்டிய இடம் வந்ததும் திருப்பக் கூடாது. நம் உடல் அதைக் கடந்த பிறகே திருப்ப வேண்டும். சீக்கிரம் திருப்பினால் பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறிவிடும். பயிற்சியின் முதல் வாரத்தில் நான் அந்த விளிம்பில் எத்தனை முறை ஏறினேன் என்பதை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

இந்த வேலையிலும் தொல்லைகள் உண்டு. காலை நேரப் பணி என்றால் நான்கு மணிக்கே எழ வேண்டும். இடுப்பு வலிக்கும். மழையால் தாமதமானாலும் என்னைத்தான் திட்டுவார்கள். ஆனால், சக்கர நாற்காலியில் ஒருவர் காத்திருந்தால், இறங்கிச் சென்று சாய்தளத்தை விரித்து அவரை ஏற்றுகிறேன். அவர் இறங்கும்போது தலையசைக்கிறார். வீட்டுக்குப் போனதும் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிடுகிறேன். மகள் கணக்குப் புத்தகத்தோடு மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறாள். இப்போது அவளுடைய கணக்குதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல் அப்பா என் பேருந்தில் ஏறினார். அட்டையைத் தட்டிவிட்டு, என்னைத் தெரியாதவர்போல முன்வரிசையில் உட்கார்ந்தார். முனையம்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லாரும் இறங்கிய பின், நான் இருக்கைகளைப் பார்க்க எழுவதற்குள் அவரே எழுந்து பின்பக்கம்வரை நடந்துபோய், யாரோ மறந்துவிட்ட குடையோடு திரும்பி வந்தார். அதை என்னிடம் நீட்டினார்.

“இடப்பக்கத் திருப்பத்தில் கொஞ்சம் அவசரப்படுகிறாய்,” என்றார்.

“சரிப்பா.”

இறங்கப் போனவர் நின்றார். என் இருக்கைக்கு மேலிருந்து வந்த குளிர்காற்றுக்கு நேராகக் கையை நீட்டிப் பார்த்தார்.

“நன்றாகத்தான் குளிர்கிறது. அம்மாவிடம் சொல்கிறேன்,” என்றார்.