கால்வாய்க் கரையிலே கூடிச் செல்லும் சைக்கிள்கள்

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் நிர்ப்பந்தத்தினால் துவிச்சக்கர வண்டியில் ஏறி, தட்டுப்பாடு தீர்ந்த பின்னும் இறங்க மனமில்லாது போன கொழும்புவாசிகளுள் நானும் ஒருவன். அந்தப் பிரியமே என்னை ஞாயிறு அதிகாலைகளில் ஒரு சிறு கோஷ்டியோடு சேர்த்துவிட்டது.

வெள்ளவத்தையிலிருந்து வருபவர்கள் கொட்டாஞ்சேனையில் எங்களோடு சேர்ந்துகொள்ள, மட்டக்குளிப் பாலத்தால் களனி கங்கையைக் கடந்து, ஹெந்தளை வழியாக ஹமில்டன் கால்வாய்க் கரையைப் பிடித்து, முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரமாக நீர்கொழும்புத் திசையில் செல்வோம். சதுப்பிலேறிய உப்புநீரை வடிப்பதற்காக ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்த கால்வாய் அது. ஒல்லாந்தர் கால்வாய் சதுப்பின் ஊடாக வேறே ஓடுகிறது.

தார் முடிந்து கிறவல் பாதை தொடங்குமிடத்தில் எல்லோரும் இறங்கி டயர்க் காற்றைச் சற்றே குறைப்போம். இறுகிய டயர் கல்லின்மேல் துள்ளும், தளர்ந்தது கல்லை அணைத்துக்கொண்டு உருளும். முன்னால் செல்பவர் கையைத் தாழ்த்திக் குழியைக் காட்ட, அந்தச் சமிக்ஞை, சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி, வரிசையின் கடைசிச் சைக்கிள்வரை கைமாறிப் போகின்ற காட்சியை நான் மிகவும் நேசிக்கிறேன். ஒருவருக்குப் பஞ்சர் ஆனால் அனைவரும் நிற்பார்கள். அது எங்கள் நியமம்.

வர விரும்பும் அன்பர்கள் தண்ணீரும் ஒரு மேலதிக டியூபும் கொண்டுவாருங்கள். பழைய லுமாலா சைக்கிளாயினும் பாதகமில்லை. பொலித்தீனை மட்டும் தயவுசெய்து சதுப்பிலே போட்டுவிடாதீர்கள்.