டீச்சரம்மாவின் ஆட்டுக்கால்

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்த மருமகள் ஓரடி பின்னால் போய்விட்டாள்.

"அத்தை, என்ன இது? ஆட்டுக்காலா? நம்ம வீட்டுலயா?"

ராசிபுரத்தில் இருக்கும் அந்த வீடு சுத்த சைவம். மேடையில் கிடந்ததோ விரல் தடிமனில், தவிட்டு நிற ரோமம் போர்த்தி, அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருந்தது. கொல்லிமலைக்குப் போன மகன், அம்மாவின் மூட்டு வலிக்கென்று வாங்கி வந்த முடவாட்டுக்கால் கிழங்கு அது. முடவனையும் ஆட வைக்கும் என்பது வியாபாரிகள் சொல்லும் பெயர்க்காரணம். சைவக்காரர்களின் ஆட்டுக்கால் சூப் என்றும் சொல்வார்கள்.

மாமியார் ஓய்வு பெற்ற அறிவியல் டீச்சர். வலது முழங்காலில் ஜவ்வு தேய்ந்து, ஆறு மாதமாகச் சுவரைப் பிடித்துத்தான் நடை. அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது கிழங்கே இல்லடி. தண்டு. பாறை மேலயும் மரத்து மேலயும் ஊர்ந்து போற பெரணியோட தண்டு. மேல இருக்கறது மயிர் இல்ல, செதில்."

சூப் வைப்பது சுலபம். செதிலைச் சுரண்டி, கழுவி, வில்லையாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்து, கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். மருமகள் அதைச் செய்து முடிப்பதற்குள், டீச்சர் ஃபோனில் அந்தச் செடியின் படத்தைத் தேடி எடுத்துவிட்டார். எடுத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டம்ளரில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

படத்தில் ஒரே செடியில் இரண்டு விதமான இலைகள். நீளமாக, பச்சையாக, ஆழமாக வெட்டுப்பட்ட இலைகள் மேலே நின்றன. அடியில் பாறையோடு ஒட்டிக் கிடந்தன கையகல, காகிதம் போன்ற பழுப்பு இலைகள்.

பல வருஷங்களுக்கு முன், கொல்லிமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன், ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பழுப்பு இலையை நோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து காட்டினான். "டீச்சர், ஒரே செடியில ரெண்டு மாதிரி இலை இருக்கு. ஏன் டீச்சர்?" அன்றைக்குப் பாடம் முடிக்கும் அவசரம். "அது காய்ஞ்ச இலைடா. வெளிய போட்டுட்டு வந்து உட்காரு." வகுப்பே சிரித்தது. பையன் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் எதையும் கொண்டுவரவில்லை.

அது காய்ந்த இலை இல்லை. தளிர்க்கும்போது பச்சையாக இருந்து, சீக்கிரமே பழுத்து, உதிராமல் அங்கேயே நின்றுவிடும் இலை. வேலையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மண் இல்லாத பாறையில் வாழும் செடிக்கு அதுதான் தொட்டி. மேலிருந்து விழும் சருகும் தூசும் அதற்குள் சேர்ந்து மக்கும். ஈரம் தங்கும். செடியின் வேர்கள் அதற்குள் நுழைந்து சத்தை எடுக்கும். கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்து நரம்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்போதும், இந்தப் பழுப்பு இலைகள் தண்டைப் பொத்திக்கொண்டிருக்கும். 1753-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் இதைத் தன் தாவர நூலில் சேர்த்தபோது ஓக் மர இலையின் பெயரைத்தான் வைத்தார். டிரைனேரியா குவர்சிஃபோலியா என்பது இன்று பரவலாக வழங்கும் பெயர். அதில் 'குவர்சிஃபோலியா' என்றால் ஓக் இலை கொண்டது. ஓக் இலை போல இருப்பது அந்தப் பழுப்பு இலைதான். வெளியே போடச் சொன்ன அதே இலை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனைக் கட்டாயப்படுத்திக் காரில் கிளம்பினார். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் ஞாபகப்படுத்தியது. பாறைகளில் அவர் அதைப் பார்த்தார். இத்தனை பக்கத்தில் இருந்தும் அதுவரை பார்த்ததில்லை.

இது கொல்லிமலைக்கு மட்டும் சொந்தமானது என்று கடைகளில் சொல்வதுண்டு. அப்படியில்லை. இந்தியாவின் பல பகுதிகள், இலங்கை, தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூகினி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு என்று இதன் வீடு பெரியது. பூவும் விதையும் இல்லாத செடி. இலைக்கு அடியில் புள்ளி புள்ளியாக இருக்கும் வித்துத்தூளைக் காற்று தூக்கிப் போகிறது. சீனத்தில் இதன் நெருங்கிய உறவுக்கார பெரணி ஒன்றுக்கு, உடைந்த எலும்பைச் சேர்ப்பது என்று அர்த்தம் வரும் பெயரே உண்டு. ஊர் விட்டு ஊர், மனிதர்களுக்கு இதைப் பார்த்தால் எலும்புதான் நினைவுக்கு வருகிறது போல.

கோவிலுக்குப் போகும் வழியில் கூறு கட்டி வைத்திருந்த பாட்டியிடம் டீச்சர் கேட்டார். "ஆயா, வெட்டினா திரும்ப வளருமா?"

"முனைய விட்டுட்டு வெட்டுனா வளரும்மா. நாங்க அப்படித்தான் வெட்டுவோம். இப்ப வர்ற பசங்க பாறையோட உரிச்சு எடுத்துக்கிட்டுப் போறாங்க. முன்ன வீட்டுக்குப் பின்னாடியே கெடைக்கும். இப்ப ரொம்ப தூரம் போகணும்."

டீச்சர் அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த துண்டுகளைக் கொட்டித் தேடினார். ஒன்றில் மட்டும் முனை கெடாமல், புதுச்செதிலோடு பளபளத்தது. அதைத் தேங்காய் மட்டையில் வைத்து, கொல்லைப்புற மாமரத்தின் கிளைப் பிரிவில் கயிறு போட்டுக் கட்டினார். மருமகள்தான் ஸ்டூலில் ஏறினாள்.

சூப்பையும் விடவில்லை. வெதுவெதுப்பாக நன்றாகவே இருந்தது. டாக்டர் தடுக்கவில்லை. "ருசிக்காகக் குடிங்க டீச்சர். தேய்ஞ்ச ஜவ்வு இதனால வளரும்னு மட்டும் நம்பி ஆபரேஷனைத் தள்ளிப் போடாதீங்க" என்றார். தேதி குறித்தாயிற்று.

அந்தப் பையனை விசாரித்தார். பழைய மாணவர்கள் சிலருக்கு அவன் முகம் நினைவிருந்தது. எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி கிளம்பும் நாள். துணி காயப்போடப் போன மருமகள் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"அத்தை, உங்க செடியில மொத இலை பழுத்துருச்சு. கிள்ளிப் போட்டுடவா?"

டீச்சர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு கொல்லைக் கதவு வரைக்கும் வந்துவிட்டார். "கை வைக்காதே! அது அப்படித்தான் இருக்கும். நான் வர்ற வரைக்கும் தினமும் கொஞ்சம் தண்ணி மட்டும் தெளி."