கரண்ட் நின்ற இடம்

மாரியில் இரண்டு வாரம் கொட்பேக் கடற்கரையில் நின்ற எங்கள் பழைய டட்சன் பிக்கப், மழை வெளித்த காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றியது, பெற்றோல் மணமும் வந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சினோடு அணைத்துப் பார்த்தேன். பொறி இல்லை.

கொயில்தான் போய்விட்டதென்று நானே முடிவுகட்டினேன். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் ஒன்றை எடுப்பித்துப் பூட்டினேன். ஒன்றரை நாள் போனது, பொறி வரவில்லை. அதன் பிறகுதான் பக்கத்துக் கராஜ் அண்ணையைக் கூப்பிட்டேன்.

"தம்பி, சாமான் மாத்த முதல், கரண்ட் எங்க மட்டும் வருதெண்டு பாக்க வேணும்" என்றார். அவர் கையில் இருந்தது இரண்டு வயர் பூட்டிய ஒரு 12 வோல்ட் பல்பு.

ஒரு வயரை எஞ்சினில் பிடித்து, மற்றதைக் கொயிலின் பிளஸ்ஸில் வைத்தார். எரிந்தது. பற்றரியும் சுவிச்சும் சரி. பிறகு மைனஸில் வைத்து என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட் மூடித் திறக்கும்போது பல்பு அணைந்து அணைந்து எரியவேண்டும். அது அணையவே இல்லை. கரண்ட் கொயிலைத் தாண்டி, பொயின்ட்டில் நின்றுவிட்டது.

பொயின்ட் மூடியிருக்கையில் கொயிலுக்குள் காந்தப்புலம் உண்டாகிறது. திறக்கும் கணத்தில் அது சரிய, 12 வோல்ட் பல்லாயிரம் வோல்டாகிப் பிளக்குக்குப் பாய்கிறது. நூறாண்டுக்கும் முன்பே பொறியியலாளர் சார்ல்ஸ் கெட்டரிங் வகுத்த இந்த முறை முழுவதும் மிளகளவு இரண்டு உலோக முகங்கள் ஒன்றையொன்று தொடுவதில் தங்கியிருக்கிறது. அந்த முகங்களில் உப்புக்காற்று வெண்படலம் பூசியிருந்தது. நைசான எமரித் தாளால் தேய்த்து, மட்டைத் துண்டால் துடைத்து, இடைவெளியை அரை மில்லிமீற்றருக்கு வைத்தார். நீலப் பொறி பளிச்சென்று விழுந்தது. மஞ்சளாக மெலிந்து விழுந்திருந்தால் அடுத்து கொண்டென்சரைப் பார்த்திருப்பாராம்.

2020 மார்ச்சில் இலங்கையில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டுகளில் பழைய பிக்கப்பைக் காப்பாற்றுவது எங்களுக்குப் பிழைப்பைக் காப்பாற்றுவதாகவே இருந்தது. சாமான் மாற்றுகிறவர்கள் பலர் உண்டு. பழுதைத் தேடிப் பிடிக்கிறவர் அரிது. அந்த அண்ணையிடம் வேலை பழகும் பொடியன்கள் முதலில் அந்தப் பல்பைப் பிடிக்கப் பழகவேண்டும்.

கடலோரம் பழைய பெற்றோல் வாகனம் வைத்திருப்பவர்களே, மாரிக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பொயின்ட்டைத் துடைத்துவிடுங்கள். ஒரு பல்பும் இரண்டு முழம் வயரும் சீற்றுக்கு அடியில் கிடக்கட்டும்.