சுமையேற்றி அளத்தல்

அந்தமானில் ஒரு வண்டியின் வயதைக் கிலோமீட்டரில் மட்டும் கணக்கிட முடியாது. கடற்காற்றில் எத்தனை ஆண்டுகள் நின்றது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, எப்போதும் உப்பேறிய ஈரம், ஜலசந்தியைக் கடக்க வண்டியோடு ஏறும் படகில் தெறிக்கும் கடல்நீர்: இவை அனைத்தும் இரும்பைத் துருவாக்குகின்றன, செம்பில் களிம்பேற்றுகின்றன. துரு கண்ணுக்குத் தெரியும். களிம்போ கனெக்டரின் உறைக்குள்ளே, யாரும் பார்க்காத இடத்தில் வளர்கிறது.

போர்ட் பிளேயரின் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) அபர்டீன் பஜாரில், மணிக்கூண்டைச் சுற்றிய நெரிசலுக்குச் சற்றுத் தள்ளி, சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பழைய ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்று நின்றுபோனது. முற்றிலும் நிற்கவில்லை. காலையில் ஒழுங்காக ஓடும்; வடக்கே ஜிர்காடாங் சோதனைச்சாவடியை எட்டுவதற்குள் நான்காவது கியரை இழந்துவிடும். இன்ஜின் இரைச்சலிடும், டீசல் கூடுதலாகச் செலவாகும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்றும், அதைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றும் முடிவாயிற்று. சென்னைக்குக் கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். போக, பழுதுபார்க்க, திரும்பிவர என்று கணக்கிட்டால் ஒரு சுற்றுலாப் பருவத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். கடன் தவணை அதற்காகக் காத்திருக்காது.

நான்கு வேக ஆட்டோமேட்டிக் வண்டிகளில் நான்காவது கியரே ஓவர்டிரைவ். மூன்றாவதில் இன்ஜினும் வெளித்தண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுழலும். நான்காவதில் விகிதம் சுமார் 0.7 ஆகக் குறையும்; மூன்றாவதில் 3,000 சுற்றுகள் தேவைப்பட்ட இன்ஜினுக்கு அதே வேகத்தில் 2,100 போதும். கணினி இடும் ஆணையின்படி ஒரு சிறிய மின்காந்தச் சுருள், அதாவது சோலினாய்டு, எண்ணெயின் பாதையைத் திறந்தோ மூடியோ இந்த மாற்றத்தை நிகழ்த்துகிறது. மின்சாரம் போதாவிட்டால் பற்சக்கரங்கள் எவ்வளவு நலமாக இருந்தாலும் கியர் மாறாது.

வயதான ஓர் எலக்ட்ரீஷியன் வண்டியின் அடியில் படுத்தார். எண்ணெயின் அளவும் நிறமும் சரியாக இருந்தன. எரிந்த வாடை இல்லை. கியர்ப்பிடியிலுள்ள ஓவர்டிரைவ் பொத்தானும் ஃபியூஸும் வேலை செய்தன.

"மீட்டர் வச்சுப் பார்த்தாச்சு அண்ணே. கியர்பாக்ஸ் வரைக்கும் பன்னிரண்டு வோல்ட் வருது" என்றார் உரிமையாளர்.

"கனெக்டரைக் கழட்டிட்டுத்தானே பார்த்தீங்க தம்பி?"

"ஆமா."

"சும்மா இருக்கிறப்ப எல்லாரும் நல்லவங்கதான். வேலை கொடுத்துப் பார்க்கணும்."

அவர் சொன்னதில் ஓமின் விதி முழுவதும் அடங்கியிருக்கிறது. மல்டிமீட்டர் தான் அளக்கும் கம்பியிலிருந்து மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. அதன் உள்தடை பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அதனிடம் களிம்பின் 6 ஓம் ஒரு பொருட்டன்று. அது 12 வோல்ட் என்றே காட்டும். ஆனால் சோலினாய்டின் தடையே ஏறத்தாழ 12 ஓம்தான். அதை இணைத்ததும் 12 வோல்ட் பங்கு பிரிகிறது: களிம்புக்கு 4, சோலினாய்டுக்கு 8. ஓட்டத்தில் சுருள் சூடேறும்போது அதன் தடை கூடி மின்னோட்டம் மேலும் குறையும். காலையில் விழுந்த கியர் பயணத்தின் நடுவே மறைவதற்கு இதுவே காரணமாகலாம். கம்பி அறவே அறுந்திருந்தால் கணினி கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை மினுக்கியிருக்கும். இப்படித் தளர்ந்து மட்டும் நிற்கும் இணைப்பு அதன் சோதனையில் தப்பிவிடக்கூடும்.

எலக்ட்ரீஷியன் கணினியின் பக்கத்துக் கனெக்டரையும் பிரித்தார். கணினிக்குள் கூடுதல் மின்னோட்டம் பாய்ந்தால் அது கெட்டுவிடும். பிறகு அந்த ஒரு கம்பியின் வழியே பேட்டரியிலிருந்து இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்தார். பல்பு மங்கலாகச் சிவந்தது. அடியிலிருந்த கனெக்டரின் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. பின்னை மாற்றி, சாலிடர் வைத்து, ஈரம் புகாதபடி கிரீஸ் தடவி மூடினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

உலகின் மறுகோடியிலும் இதே நோய் உண்டு. அமெரிக்காவின் பழைய மோட்டார்ஹோம்கள், படுக்கையும் சமையலறையும் கொண்ட நகரும் வீடுகள், ஆண்டின் பெரும்பகுதி ஓடாமல் நிற்பவை. அவற்றில் பல, 1989இல் அறிமுகமான ஃபோர்டின் இ4ஓடி போன்ற மின்கட்டுப்பாட்டுக் கியர்பாக்ஸ்களைக் கொண்டவை. சோலினாய்டுகளுக்கு மின்சாரம் அற்றுப்போனால் இ4ஓடி நான்காவது கியரிலும், ஜெனரல் மோட்டார்ஸின் 4எல்80இ இரண்டாவதிலும் தங்கிவிடும். அங்கும் அரித்த கனெக்டரின் பழி கியர்பாக்ஸின் மீது விழுவதுண்டு.

செம்பில் களிம்பு என்பது சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை. செம்போடு உடன்பிறந்தது, உள்ளிருந்தே மறைப்பது என்பது அதன் பொருள். பஜாரில் அந்த உவமை தத்துவமாக அன்றி, தொழிலறிவாகப் புழங்குகிறது.

ஆய்வுலகுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு கருதுகோளைச் சுமையில்லாத இடத்தில் சோதித்துச் "சரி" என்று எழுதிவிடுவது எளிது. நட்பான தரவு, ஏற்கெனவே உடன்படும் வாசகர், எதிர்க்கேள்வி எழாத கருத்தரங்கு ஆகிய எல்லாவற்றிலும் முள் பன்னிரண்டில் நிற்கும். அந்த எண் பொய்யன்று. கேட்கப்பட்ட கேள்விக்கான உண்மையான விடைதான். கேள்விதான் போதவில்லை. தவறான விடைக்கு ஒரு பருவத்தின் வருமானத்தை விலையாகக் கொடுக்க வேண்டிய இடத்தில், கழற்றுவதற்கு முன் சுமையேற்றி அளக்கும் பழக்கம் தானே உருவாகிவிடுகிறது.