"அக்கா, இதுல கலரே இல்லையே?"

அத்திப்பட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இளம்பெண்களோடு உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலைகளில் ஒன்று. சிலர் ரயிலேறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். சிலர் பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறவர்கள். எல்லோருமே காலனிப் பெண்கள்.

ஒரு வாரம் உடலைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு தாளை நகலெடுத்துக்கொண்டு போனோம். அதில் ஒன்பது பெண் உருவங்கள், மிக ஒல்லியில் தொடங்கி மிகப் பருமனில் முடியும். 1983இல் ஸ்டங்கார்டும் சக ஆய்வாளர்களும் பயன்படுத்திய படவரிசை அது. "இப்போது நீ எது? எதுவாக இருக்க ஆசை?" என்று கேட்பார்கள். இரண்டு விடைக்கும் நடுவிலுள்ள தூரம்தான் உடல்மீதான அதிருப்தியின் அளவு. சமூகவியல் முதுகலை நாட்களில் இதைப் படித்தபோது எங்களுக்கு எந்தக் கேள்வியும் எழவில்லை.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண் கேட்டாள்: "அக்கா, இதுல கலரே இல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தத் தாளை யாரும் தொடவில்லை. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"ஒல்லியா இருந்தா 'வீட்டுல சோறு போடலையா'ன்றாங்க. குண்டா இருந்தா 'ரேஷன் அரிசியத் தின்னே இப்படியா'ன்றாங்க" என்றாள் ஒருத்தி. கொஞ்சம் வெளுத்த நிறமுள்ள இன்னொருத்தியிடம், கூட வேலை செய்கிறவர் சொன்னாராம்: "பாத்தா காலனிப் பொண்ணு மாதிரியே தெரியலையே!" அவள் எங்களிடம் சொன்னாள்: "பாராட்டாத்தான் சொன்னாங்க அக்கா. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ராத்திரி எங்கம்மா மூஞ்சப் பாத்தப்பதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

காலனிக்கென்று ஒரு முகத்தை ஊர் முடிவு செய்து வைத்திருக்கிறது. நம் காலனியில் எல்லா நிறமும் உண்டு; ஊரிலும் உண்டு. நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது. சாதியை வைத்துத்தான் நிறத்துக்கு விலை போடுகிறார்கள்.

உடலின் வடிவத்துக்கும் அதே கதைதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல்பருமன். 12.6 சதவீதம் பேருக்கு எடை குறைவு. ஒரே உடல் பருத்தும் இருக்கலாம், ரத்தமில்லாமலும் இருக்கலாம். அரிசி வயிற்றை நிரப்பிவிடும். தினமும் பருப்பும் முட்டையும் கீரையும் வாங்கக் கூலி காணாது. ஷிஃப்ட் முழுக்க நின்று, ரயிலிலும் நின்று, வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் நிற்கிறவளிடம் "டயட் இரு" என்று யார் சொல்வது? ஆனாலும் எங்கள் கூட்டத்தில் இருவர் இளைக்க வேண்டுமென்று காலைச் சாப்பாட்டை விட்டிருந்தார்கள். ஒருத்தி வேலையிடத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள்.

கலரைப் பற்றிக் கேட்ட பெண்ணின் கன்னம் சிவந்து, தோல் மெலிந்திருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு க்ரீம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், பரு வரும், நிறுத்தினால் எரியும். தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயரிலிருந்து 'ஃபேர்' போய்விட்டது. பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணிலிருந்து போகவில்லை.

1927 டிசம்பரில் மகாடில் கூடிய தலித் பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கும் உடுத்தும் முறையையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிடச் சொன்னார் அண்ணல் அம்பேத்கர். அதை அழகுக் குறிப்பாக வாசிக்க முடியாது. நம் உடல் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஊரிடமிருந்து பிடுங்குவதாகவே நாங்கள் வாசிக்கிறோம்.

இவ்வளவு எழுதும் நாங்களும் யோக்கியர்கள் இல்லை. ஏப்ரல் 14 நிகழ்ச்சிக்குப் பேனர் அடித்தபோது எங்களிடம் நிறையப் படங்கள் இருந்தன. நாங்கள் தேர்ந்தெடுத்தது, "காலனிப் பொண்ணு மாதிரியே தெரியாத" அந்தப் பெண்ணின் முகத்தை. யாரும் யோசித்துச் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கலரைப் பற்றிக் கேட்டவளே இதையும் சொன்னாள்: "பேனர்லயும் அதே கண்ணுதான் அக்கா."

"உன்னை நீயே நேசி" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. ஊர் செய்த காயத்தை ஆற்றும் வேலையையும் அவள் தலையிலா கட்டுவது?

இளம் தோழர்களே, ஆய்வுக்குப் போனால் கேள்வித்தாளில் நிறத்தையும் கேளுங்கள். காலையில் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் நின்றாள், "நீ அழகில்லை" என்று முதலில் சொன்னது யார் என்று கேளுங்கள். போஸ்டர் ஒட்டும் முன் அதிலுள்ள முகத்தை ஒருமுறை பாருங்கள்.

அடுத்த ஏப்ரல் பேனருக்குப் படம் தேர்ந்தெடுக்கப் போவது அந்தப் பெண்கள்தான்.

ஜெய் பீம்.