சிவப்பு நீங்கிய பாறைகள்

கௌட்டோகைனோவிலிருந்து ஆல்ட்டாவுக்குச் சாலைவழி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மேட்டுநிலத்தைக் குறுக்கே கடந்து போகும் சாலை அது. ஆகஸ்ட் முடியப்போகும் நேரம். ஆளுயரம் தாண்டாத பிர்ச் மரங்கள், அவற்றுக்கிடையே சதுப்பு, சதுப்பைத் தாண்டினால் ஏரி, ஏரியைத் தாண்டினால் மறுபடியும் சதுப்பு. நெடுந்தொலைவுக்கு ஒரு வீடும் தென்படவில்லை. மனிதக் கை பட்டதாக அங்கே திரும்பத் திரும்பக் கண்ணில் விழுந்தவை பட்டிகள். கம்பங்களை நட்டு அடைத்த வேலிகள். வாயில் அகன்று, உள்ளே போகப்போக நெருங்கி, ஒரு வட்டத்தில் போய் முடிபவை. சாமி பழங்குடியினரின் ரெய்ன்டீர் மந்தைகள் கோடையில் கடற்கரைப் பக்கமும் குளிர்காலத்தில் இந்த மேட்டுநிலத்திலும் மேய்கின்றன. அவற்றை இப்படிப்பட்ட பட்டிகளில் அடைத்துத்தான் காதில் வெட்டிய குறியைப் பார்த்து எது எந்தக் குடும்பத்தினுடையது என்று பிரிக்கிறார்கள்.

வண்டியை ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர்; நான் அண்ணன் என்று அழைப்பவர். 1980களில் ஈழத்திலிருந்து வந்த தமிழர் பலருக்கு ஃபின்மார்க் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகள்தாம் வேலை கொடுத்தன. அவரும் போட்ஸ்ஃபியோர்டில் மீன் வெட்டும் மேசையில் பல ஆண்டுகள் நின்றவர். வடதுருவ வட்டத்துக்கு மேலே இத்தனை காலம் வாழ்ந்தும் ஆல்ட்டாவின் பாறைச் செதுக்கல்களை அவர் பார்த்ததில்லை. "வேலை, வீடு, பிள்ளையள். எங்கை தம்பி நேரம்?" என்றார்.

வழியில் மாசி என்ற சிற்றூர் வந்தது. ஆல்ட்டா ஆற்றில் அணை கட்டப் போட்ட முதல் திட்டப்படி இந்த ஊர் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சுருக்கிய திட்டத்தையும் எதிர்த்து 1979இல் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் நாடாளுமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். அணை எழுந்துதான் விட்டது. ஆனால் அந்தப் போராட்டம் கிளப்பிய கேள்விகள் 1989இல் சாமி நாடாளுமன்றம் பிறக்க வழிவிட்டன. இந்த நிலம் யாருடையது, இங்கே யார் எத்தனை காலமாக வாழ்கிறார்கள் என்று நாடே வாதாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், ஆல்ட்டாவில் புல்மண்ணை உரிக்க உரிக்க அடியிலிருந்து செதுக்கல்கள் வெளிவந்துகொண்டிருந்தன. 1985இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆல்ட்டா ஊருக்குள் பழைய கட்டடம் என்று சொல்ல அதிகம் இல்லை. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஃபின்மார்க்கையே கொளுத்திவிட்டுப் போனது. தேவாலயம் தப்பியது, மற்றபடி கண்ணில் படுவதெல்லாம் போருக்குப் பின் கட்டியவை. ஊரின் நினைவு முழுவதும் எரிந்துபோன அந்தக் குளிர்காலத்தில், பாறைமேல் படர்ந்த புல்லுக்கும் பாசிக்கும் அடியில் 7000 ஆண்டு நினைவு ஒன்று பத்திரமாகப் படுத்திருந்தது என்பதை நினைத்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

செதுக்கல்கள் பல இடங்களில் இருக்கின்றன. மொத்தம் 6000க்கும் மேற்பட்ட உருவங்கள். பெரும்பகுதி யெம்மெலுஃப்ட் விரிகுடாவில். 1973இல் கண்டறியப்பட்ட இந்த இடத்தில்தான் 1991 முதல் ஆல்ட்டா அருங்காட்சியகம் இயங்குகிறது. அதன் வாசலிலிருந்து கடலை நோக்கி இறங்கும் மரப்பாலத்தில் நடக்க வேண்டும். பாறையில் கால் வைக்க அனுமதி இல்லை.

இறங்கும் வழியே ஒரு காலவரிசை. பனியுகத்தில் இந்த நிலத்தின்மேல் கிலோமீட்டர் கணக்கில் பனி கனத்துக் கிடந்தது. அது உருகிப் பாரம் நீங்கியதும் அமுங்கிய நிலம் மெல்ல மெல்ல மேலெழத் தொடங்கியது; இன்னும் எழுகிறது. செதுக்கியவர்கள் தேர்ந்தெடுத்தது கடலின் விளிம்பை. அலை கழுவிக் கற்பாசி பிடிக்காமல் வழவழப்பாகக் கிடந்த பாறை அது. சில நூற்றாண்டுகளில் நிலம் உயர்ந்து கரை கீழே தள்ளிப்போகும். அடுத்த தலைமுறைகள் இன்னும் கீழே போய்ச் செதுக்கும். அதனால் மிகப் பழையவை இன்று கடல்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்திலும், ஏறத்தாழ 2000 ஆண்டுக்கு முந்திய கடைசிச் செதுக்கல்கள் பத்து மீட்டருக்கும் தாழ்வாகவும் இருக்கின்றன. துரோம்சோ அருங்காட்சியகத்தின் தொல்லியலாளர் க்னூட் ஹெல்ஸ்கோக் இந்தக் கரைமட்டங்களைக் கொண்டு காலத்தைக் கணித்தார். பல பத்தாண்டுகளை இந்தப் பாறைகளோடு கழித்த மனிதர் அவர்.

முதலில் நாங்கள் நின்ற பாறையில் உருவங்கள் செக்கச்செவேலென்று இருந்தன. மான்கள், படகுகள், வில்லேந்திய மனிதர்கள், எல்லாம் ஒரே பார்வையில் பிடிபட்டன. அண்ணன் படம் எடுத்துத் தள்ளினார். அடுத்த பாறைக்குப் போனோம். வெறும் சாம்பல்பச்சை மணற்கல். பனியாறு உரசிய கோடுகள் மட்டும் நீளநீளமாகத் தெரிந்தன. "இதிலை ஒண்டுமில்லை" என்று அவர் நகரப் பார்த்தார். எங்களோடு வந்த அருங்காட்சியகப் பணியாளர் பெண் அவரை நிறுத்தினார். அந்தப் பாறையில் பல உருவங்கள் இருப்பதாகவும், கொஞ்சம் காத்திருக்கும்படியும் நார்வீஜிய மொழியில் சொன்னார். அண்ணன் எனக்கு மொழிபெயர்த்தார்.

சிவப்பு பழைய மக்கள் பூசியது என்றே நானும் நினைத்திருந்தேன். அது வருகையாளர்களுக்கு எளிதில் தெரியட்டும் என்று 1970கள் முதல் பூசிய சாயம். செதுக்கல் சில மில்லிமீட்டர் ஆழம்தான். தட்டையான பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு அகப்படாது. நல்ல எண்ணத்தில்தான் பூசினார்கள். ஆனால் பூசியவர் எந்தக் கோட்டைக் கண்டாரோ அந்தக் கோடே எல்லாருக்கும் உண்மையாகிவிட்டது. அவர் கண்ணுக்குத் தப்பியது நம் கண்ணுக்கும் தப்பியது. இயற்கைப் பிளவு ஒன்றைக் காலாகவோ கொம்பாகவோ எண்ணி வண்ணம் இட்டிருந்தால், அதைத்தான் நாம் ஆயிரமாயிரம் ஆண்டுக் கலை என்று வியந்திருப்போம். அதனால் இப்போது பாறை பாறையாக அந்தச் சாயத்தை நீக்கி வருகிறார்கள்.

இந்த வேலையின் இயல்பு என்னை மிகவும் ஈர்த்தது. பழங்காலச் சின்னங்களைப் பராமரிப்பவர்கள் பொதுவாக மங்கியதைத் துலக்கிக் காட்டுவார்கள். இவர்கள் பளிச்சென்று தெரிவதை மங்கலாக்குகிறார்கள். கல்லின் ஒரு துகளும் சாயத்தோடு போய்விடக் கூடாது என்பதால் வேலை சிறு சிறு பரப்பாக நகர்கிறது. முடிந்த பிறகு வருகிறவர்கள் "இங்கே ஒன்றும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்ணிடம் இதில் வருத்தம் இல்லையா என்று கேட்டேன். வருத்தம் சிவப்பு இருந்த காலத்தில்தான் என்றார். எல்லோரும் பாறைக்கு ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு நடந்தார்களாம்.

பதிவு செய்யும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு பாறைமேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை விரித்து, குனிந்தும் மண்டியிட்டும் கோடு கோடாகப் படியெடுத்தார்கள். விரல்நுனி குழியை உணர வேண்டும், பேனா அதைத் தொடர வேண்டும். இன்று நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களைக் கணினியில் இணைத்து முப்பரிமாண வடிவம் எடுக்கிறார்கள். இருட்டிய பின் விளக்கைப் பாறையோடு பாறையாகத் தாழ்த்தி, பக்கவாட்டில் ஒளி வீசிப் பார்ப்பதும் உண்டு. கற்பாசியை அகற்றுவது தனி வேலை. அது கல்லின் மணிகளுக்கிடையே வேர்போல் இறங்கித் தளர்த்திவிடும். பிடுங்கினால் கல்லும் வரும். ஆல்கஹால் தெளித்தும், ஒளிபுகாத விரிப்பால் மூடிப் பட்டினி போட்டும் அதைச் சாகடிப்பது நார்வேயில் உள்ள வழக்கம்.

மாலைச் சூரியன் சரியத் தொடங்கியது. இந்த அட்சரேகையில் சூரியன் நேராக விழுவதில்லை, நெடுநேரம் சாய்ந்தே நடக்கிறது. அந்த வெறும் பாறையின் ஓர் ஓரத்தில் முதலில் ஒரு முதுகு தெரிந்தது. பிறகு கொம்பு. பிறகு, எங்கிருந்து வந்தன என்றே சொல்ல முடியாதபடி, ஒன்றன்பின் ஒன்றாக மான்கள். கிட்டத்தில் உற்றுப் பார்த்தால் கோடு என்பதே சிறு குழிகளின் வரிசை. கடினமான கல்லுளியை வைத்து, மேலே சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு குழியும் ஓர் அடி. சாயம் இந்தக் குழிகளை ஒரே கோடாக மெழுகிவிட்டிருந்தது; அது போனதும் செதுக்கியவரின் கை திரும்பக் கிடைத்தது. எந்த இடத்தில் நெருக்கமாக அடித்தார், எங்கே அவசரப்பட்டார் என்பதெல்லாம் தெரிகிறது. கைவேலை செய்தவரை இவ்வளவு அருகில் நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை.

மேல்வரிசையின் பழைய பாறை ஒன்றில் ஒரு பட்டி இருக்கிறது. வரிசையாகக் கம்பங்கள், ஒரு வாயில், உள்ளே நெருக்கியடித்து மான்கள், சுற்றிலும் மனிதர்கள். காட்டு மான்களைக் கூட்டாக விரட்டி அடைத்துக் கொன்ற வேட்டை அது. காலையில் நாங்கள் சாலையோரம் கண்ட பட்டிகள் வளர்ப்பு மந்தைக்கானவை. நோக்கம் வேறு, ஆனால் மான் எப்படி ஓடும், எந்த வளைவில் மிரண்டு திரும்பும் என்ற அறிவு இரண்டுக்கும் வேண்டும். இன்றைய சாமி மக்களை 7000 ஆண்டுக்கு முந்திய செதுக்கர்களோடு நேர்க்கோடு போட்டு இணைக்க நான் துணியமாட்டேன். வேலி போடத் தெரிந்தவர்தான் இந்த வேலியைச் செதுக்கினார் என்பதில் மட்டும் எனக்கு ஐயமே இல்லை.

தொழில் தெரிந்த கைதான் செதுக்கியது என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அண்ணன்தான். படகிலிருந்து தூண்டில் கயிறு நேராக இறங்க, அதன் முனையில் ஹாலிபட் மீன் மாட்டியிருக்கும் செதுக்கல் ஒன்று உண்டு. நம் எருமைநாக்கு மீனைப்போல் தட்டையானது. வளர்ந்தால் ஆளைவிடப் பெரிதாகி 200 கிலோவையும் தாண்டும். சிறு படகில் இருப்பவருக்கு அதை இழுப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அண்ணன் மரப்பாலத்தின் கம்பியைப் பிடித்துக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பாருங்கோ தம்பி, மற்ற மிருகமெல்லாம் பக்கவாட்டிலை நிக்குது. இந்த மீனை மட்டும் அகலம் தெரிய விரிச்சுக் கீறியிருக்கிறான். இதைக் கரையிலை போட்டு வெட்டினவனுக்குத்தான் இப்பிடிக் கீற வரும்."

அந்தப் பெண்ணுக்கு அதை அவரே நார்வீஜிய மொழியில் சொன்னார். இருவரும் மீனின் துடுப்பு, கண் இருக்கும் பக்கம், கத்தி முதலில் இறங்கும் இடம் என்று கையசைத்துப் பேசத் தொடங்கினார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. பாறைக் கலையைச் சடங்கு, நம்பிக்கை என்று விளக்கும் நூல்களை நான் மதிக்கிறேன். கரடியின் காலடித் தடங்கள் குகையிலிருந்து கிளம்பிப் பாறை முழுக்க அலைவதைப் பார்த்தால் அங்கே வேட்டையையும் தாண்டி ஏதோ இருக்கிறது என்பது புரியும். ஆனாலும் அந்த விளக்கங்களுக்கு முன் இங்கே ஒரு மீனவரையும் மந்தை மேய்ப்பவரையும் கூட்டிவந்து நிறுத்த வேண்டும்.

திரும்பும்போது பாலத்தின் இருபுறமும் புல்லும் பாசியும் மூடிய மேடுகள். அவற்றின் அடியிலும் செதுக்கல்கள் இருக்கலாமே, ஏன் உரித்துப் பார்க்கவில்லை என்று அண்ணன் கேட்டார். இருக்கலாம் என்றார் அந்தப் பெண். திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பாறையும் வெயிலுக்கும் உறைபனிக்கும் கற்பாசிக்கும் ஆளாகிறது. அதற்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும், பார்வை வேண்டும், பணம் வேண்டும். இருப்பதைக் கவனிக்கவே கை போதவில்லை, மண் நல்ல காவல்தான், என்று சொல்லிவிட்டு, கீழே வெறுமையாகத் தெரிந்த அந்தப் பாறை முன் வந்து நின்ற ஒரு குடும்பத்தை நோக்கி இறங்கிப் போனார்.